காந்தத்தில் ஒட்டாதது

ஹற்றனில், நிஸ்தார் கடையில்
மூன்று கேன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
நுவரெலியா விடியற்குளிரில் ஸ்டார்ட் பண்ண
மெல்லிசாய் ஓட வேண்டும்.
கொண்டை ஊசி வளைவில் ஏழாயிரம் சுற்றுக்கு
கனத்து நிற்கவும் வேண்டும்.
இரண்டும் செய்யும் என்றது லேபல்.
நிஸ்தார் சத்தியம் பண்ணவில்லை,
அதனால் வாங்கினேன்.

இரவு, கழற்றிய ஃபில்டரை வாளால் அறுத்து
மடிப்பு மடிப்பாக விரித்தேன்.
டோர்ச் வெளிச்சத்தில்
செம்பு நிறத்தில் ஏதோ மினுங்கிற்று.
காந்தம் வைத்தேன்.
ஒட்டவில்லை.
இரும்பென்றால்கூடத் தேவலை.
பெயரிங் தேய்கிறது.

தெவானந்த் போன் எடுத்தான்:
"எந்த ஒயில் வாங்கினீங்க, சந்திரபோஸ் அண்ணன்?"
"நல்லதுதான்."

பொய் இல்லை.
ஒயிலைத்தானே கேட்டான்.

நாளை மறுநாள் மலையேற்றப் பந்தயம்.
கேனின் சீலை இன்னும் உடைக்கவில்லை.
விரல் நுனியில் அந்த மினுக்கம்,
சவர்க்காரம் போட்டும் போகாமல்.
போனைத் திரும்ப எடுக்கிறேன்.