வால்வெட்டு

கூத்தங்குழிக் கரை. இன்னும் விடியவில்லை.
உப்பேறிய அளவுகோல், நனைந்த நோட்டு, நான்.
சிங்கி இறால், பெண். ஓடு ஆறு புள்ளி எட்டு.
சினை: இல்லை.
அடிவயிற்றைத் தடவினேன்,
மயிரிழைகள் மட்டும் விரலில் நெருடின.
பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

தொபியாஸ் வலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"கடல்ல மிச்சம் எத்தன கெடக்கு?
எண்ணிட்டீரா வே?"

மாசியில் வாலில் வெட்டிட்டு விட்டது
நாற்பது.
திரும்பி வந்தது மூன்று.
அந்த மூன்றைக் கொண்டுதான்
கடலை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எட்டு நாள் கழித்து வெறுங்கூடையோடு ஏறினார்.
"ஒண்ணு கெடச்சுது. வால்ல ஒம்ம வெட்டு,
வயிறு நெறயச் சினை.
தண்ணியிலயே விட்டுட்டேன்.
நாலுன்னு எழுதும்."

பார்க்காததை எழுதக் கூடாது.
நீளம் என்ற கட்டத்தில்
பேனா நெடுநேரம் நின்றது.