சேர்த்துவைக்க முடியாத நாட்கள்

டெட்ராய்ட் விமான நிலையத்தை ஒட்டிய விடுதி,
முன்னூற்றுப் பதினெட்டாம் அறை.
கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு
மேசை போட்டிருக்கிறார்கள்.
இருந்தும் படுக்கையறை படுக்கையறைதான்:
இழுப்பறையில் பைபிள்,
குளியலறையில் சுருட்டிவைத்த துண்டுகள்.

எனக்கு முன் உள்ளே போய் வந்தவளுக்கு
இருபத்தைந்து இருக்கும், வாலிபால் ஆடிய தோள்கள்.
எனக்கு நாற்பத்தொன்பது.
டொலீடோவிலிருந்து தம்பியின் டிரக்கில் வந்தேன்.
பழைய கம்பெனி என்னை நிறுத்திய செவ்வாய்க்கிழமையே
ஒரு பையன் வந்து காரை ஓட்டிப் போய்விட்டான்.
கார் அவர்களுடையது. பெட்ரோல் அட்டை அவர்களுடையது.
பின்சீட்டுக் காபிக் கறை மட்டும் என்னுடையது.
மருந்தின் காப்புரிமை முடிந்திருந்தது.
பத்தாண்டு நான் சொல்லிச் சொல்லித் தேய்த்த பெயர்
ஒரே வாரத்தில்
நாலு டாலர் மாத்திரை ஆனது.

டாரல் ஹைன்ஸ்மன், மாவட்ட மேலாளர்,
என் சாதனைக் கோப்பைப் புரட்டுகிறார்.
பிளாஸ்டிக் உறைகளுக்குள் என் வரிசை எண்கள்.
ஒரு வருடம் மூன்றாம் இடம், ஒரு வருடம் முதலிடம்,
அதற்குப் பரிசாக அரிசோனாப் பயணம்.
அந்தப் படத்தில் என் பின்னால் ஒரு கள்ளி
இரண்டு கையையும் தூக்கி நிற்கிறது,
யாரோ துப்பாக்கி காட்டியதுபோல.

"நேரமில்லை என்று கதவைச் சாத்தும் மருத்துவரை
எப்படிப் பார்ப்பீர்கள்?"
வரவேற்பு மேசைப் பெண்ணைப் பார்ப்பேன் என்றேன்.
அவள் மகனின் ஹாக்கி ஆட்டம் என்றைக்கு,
அவள் சாண்ட்விச்சில் வெங்காயம் ஏன் கூடாது.
மருத்துவர் அதற்கப்புறம் தானாக வருவார்.
எழுதிக்கொண்டார்.
பேனாவை விற்றுக் காட்டச் சொல்வாரோ என்று பயந்தேன்.
சொல்லவில்லை. நல்ல மனிதர்.

பிறகு அவரே ஒரு தாளைத் திருப்பினார்.
கார் உண்டு. உடம்பு, பல், கண்,
மூன்றுக்கும் முதல் நாளிலிருந்து காப்பீடு.
ஓய்வுக்கால நிதிக்கு நான் ஆறு போட்டால் அவர்களும் ஆறு.
ஒரு வரியை மட்டும் விரல் தொடாமல் தாண்டியது.
முதல் நேர்காணலில் விடுமுறையைக் கேட்கவே கூடாது,
எல்லோரும் சொல்வார்கள்.
பெண் பார்க்க வந்த இடத்தில்
விவாகரத்துக்கு வக்கீல் விசாரிப்பதுபோலாம்.

கேட்டேன்.

"பதினைந்து நாள். சேர்த்துவைக்க முடியாது.
டிசம்பர் முப்பத்தொன்றில் மிச்சம் செத்துப்போகும்."
அப்புறம் பேனாவை மூடினார்.
"போன வருடம் எனக்குப் பதினொன்று செத்தது.
ஏரிக்கரையில் வீடு எடுத்திருந்தோம்.
பிள்ளைகள் தண்ணீரில். நான் காருக்குள்.
அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு வந்தது.
அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன்.
சின்னவள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள்,
கையில் ஒரு தவளை.
ஒரு நிமிஷம் என்று விரலைத் தூக்கினேன்.
தவளை எவ்வளவு நேரம்தான் இருக்கும்?"

அடுத்த வாக்கியம் இல்லாமல்
நான் ஒருநாளும் எதிரில் உட்கார்ந்ததில்லை.
அன்று உட்கார்ந்திருந்தேன்.
வெளியே நடையில் ஐஸ் எந்திரம்
ஒரு வாளி ஐஸைக் கொட்டி ஓய்ந்தது.

கடைசியில் சொன்னேன்:
பழைய இடத்தில் நான் எடுக்காத பத்தொன்பது நாட்களுக்குக்
காசோலை கொடுத்தார்கள்.
வெந்நீர்க் கலம் வாங்கினேன்.
என் பத்தொன்பது நாட்களும் இப்போது
வீட்டு நிலவறையில் நின்று
தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருக்கின்றன.
சிரித்தார். சிரித்து முடித்து
கட்டில் சாத்திய சுவரையே பார்த்தார்.
பதில் வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்றார்.

நடையில் அடுத்த ஆள் காத்திருந்தான்,
மடியில் கோப்பு, ஷூவில் சாலை உப்பின் வெள்ளை வரி.
"என்ன கேட்கிறார்?" என்றான் மெதுவாக.
நல்ல முகம். கழுத்துப்பட்டை கொஞ்சம் கோணல்.
"என்ன வேண்டுமானாலும் பேசு,
விடுமுறை பற்றி மட்டும்
வாயைத் திறந்துவிடாதே" என்றேன்.

போட்டி போட்டிதான்.