மாஊன்

வலமிருந்து இடம் போகும் எழுத்தை
இடமிருந்து வலம் போக வைப்பது என் வேலை.
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
அரபுத்தமிழில் ஒன்பது கட்டு வேத உரை,
குடமுருட்டிக் கரை வழுத்தூரில் இருந்துகொண்டு
மதார் நெயினா ஆலிம் பத்தொன்பது வருசம் எழுதியது.
பூச்சி அரித்த ஓட்டைக்குள்
அடுத்த அத்தியாயம் தெரியும்.

மனுஷர் ஒரு சொல்லை லேசில் விடுகிறவரில்லை.
பஸராக்காரர் சொன்னது, கூஃபாக்காரர் சொன்னது,
தன் ஷெய்கு காதோடு சொன்னது
எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு
'எளியேனுக்குத் தோன்றுவது' என்று தொடங்குவார்.
அங்கேதான் ஆறு வரும்.
பொறுமை என்றால்
கடைமடைக்காரன் முறைத்தண்ணீருக்கு நிற்பது.
நஃப்ஸ் என்றால் நண்டு.
மேலே வரப்பு வரப்பாகத்தான் இருக்கும்,
அடியில் வயல் போய்க்கொண்டிருக்கும்.
'பிடுங்காமல் நட முடியுமா' என்று
ஃபனாவைப் பற்றி ஓரிடத்தில் கேட்கிறார்;
பதில் எழுதாமல்
அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறார்.

ஒன்பதாம் கட்டு, சின்ன சூராக்கள்.
நூற்றேழாவது.
தொழுகிறவர்களுக்குக் கேடு என்கிறது.
தொழாதவர்களுக்கு அல்ல, தொழுகிறவர்களுக்கு.
தொழுதும் பராமுகமாய் இருப்போர்,
பிறர் பார்க்கத் தொழுவோர்,
மாஊனைத் தர மறுப்போர்.

மாஊன், கடைசிச் சொல்.
மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்.
ஜகாத் என்பார் ஒரு சாரார்,
அக்கம்பக்கம் கேட்டால் கொடுக்கும்
சட்டி, வாளி, கோடரி என்பார் இன்னொரு சாரார்,
இலக்கணம், வேர்ச்சொல், எட்டு மேற்கோள்.
மூன்றையும் குறுக்கே அடித்திருக்கிறார்.
அடித்த அழுத்தத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது.

பிறகு ஒரு தாள் தைத்திருக்கிறது. வேறு கை.
கொஞ்சம் சாய்ந்த எழுத்து,
சில இடங்களில் புள்ளி விட்டுப்போய்.
மஞ்சள் விரல் ஒன்று ஓரத்தில்.
வீட்டுக்காரி ஹலீமா நாச்சியாவின்
இரவல் கணக்கு:

அம்மிக்குழவி, தட்டாரத் தெரு செண்பகவல்லி.
உப்பு அரைப்படி, மோதினார் வீடு.
பாய் இரண்டு, பெரிய கெட்டில், மய்யித்து வீட்டுக்கு.
இடியாப்ப உரல், ஜைத்தூன். (கைப்பிடி ஆடுகிறது, சொல்லித்தான் கொடுத்தேன்.)
மண்வெட்டி, வைரக்கண்ணு. ராத்திரி. மழை.

திரும்பி வந்ததன் மேல் ஒரு கோடு.
மண்வெட்டி மேல் கோடு இல்லை.

தாளின் அடியில் ஆலிமின் கை, சில வரி:
'கரை கசிகிறது என்று வாசலில் தட்டினார்கள்.
திக்ரில் இருந்தேன். கேட்டது.
கேளாதவன் போல இன்னும் உரக்க ஓதினேன்.
கொல்லைக் கதவு திறந்தது எனக்குத் தெரியாது.
இந்தச் சொல்லுக்கு உரை இவளுடையது.'

அவ்வளவுதான்.
அடுத்த பக்கம் கவ்ஸர்,
சொர்க்கத்து ஆறு.
அதிலும் வழக்கம்போல்
பஸராக்காரர், கூஃபாக்காரர்.

வைரக்கண்ணு யார், அன்று கரை நின்றதா,
ஒன்பது கட்டையும் புரட்டிவிட்டேன்,
எங்கும் இல்லை.
ஆனால் அதற்குப் பிறகு
'எளியேனுக்குத் தோன்றுவது' என்ற தொடர்
ஒருமுறைகூட வரவில்லை.

பதிப்பகத்திலிருந்து வாட்ஸ்அப்:
'நடுவில் வீட்டுக் கணக்கு கலந்துவிட்டது போல.
எடுத்துவிடலாமா? இல்லை பின்னிணைப்பா?'

உரைதான் அது என்று எழுதினேன்.
கோடு போட்டவை கோட்டோடு வரட்டும்.
மண்வெட்டியை நேராக்க வேண்டாம்,
திருத்துகிற பையன் பழக்கதோசத்தில்
அதன் மேலும் ஒரு கோடு இழுத்துவிடப் போகிறான்,
பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலிக்குப் பக்கம் எண்ணும்போது
அந்தத் தாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று
இரண்டு நாளாய் யோசிக்கிறேன்.