முதுகு

உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகு.
கறுப்புக் கோட்டு, நடுவே ஓடும் தையல்,
கழுத்துப்பட்டைக்கு மேல் வருடாவருடம்
மெலிந்துகொண்டே போன முடி.
முப்பத்தோரு வருடம் அதைப் பார்த்துத்தான் கைதட்டினீர்கள்.

எனக்கு முகம் தெரியும்.
கடைசி வரிசையில் இரண்டு வெண்கலத் தட்டுகளோடு
இருநூற்றுப் பன்னிரண்டு ஆவர்த்தனம் எண்ணிக் காத்திருந்து
ஒரே ஒரு முறை மோதவிடுவது என் உத்தியோகம்.
ஜால்ரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.
அவர் சொல்லாமல் நான் தட்டியதில்லை,
ஒரு தரம் தவிர.

எர்வினோ ஸ்டோகா.
அப்பா திரியெஸ்தே துறைமுகத்தில்
கிரேனுக்குச் சைகை காட்டியவர்.
உள்ளங்கையை விரித்தால்
இருபது மூட்டை காப்பிக்கொட்டை
அந்தரத்தில் நிற்கும்.
மகன், பாடகிகளின் ஒத்திகைக்குப் பியானோ வாசித்தான்,
மணிக்கு இத்தனை லீரா என்று.

எழுபத்தொன்பது ஜனவரி. போரா காற்று.
தெருவோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடந்த இரவு.
வெனிஸிலிருந்து வரவேண்டிய பெரிய மனிதர்
வழியில் ரயிலோடு நின்றுவிட்டார்.
இரண்டாம் பாஸூன்காரரின் கோட்டு இவருக்கு.
மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலேயே
கை முடிந்துபோனது.
அந்த வெற்று மணிக்கட்டின் பின்னால்தான்
நாங்கள் போனோம்.

அப்புறம் எல்லாம் சாதாரணம்.
கிராட்ஸுக்கு ஒரு பருவம் போனார், ஐந்து கிலோ இளைத்து வந்தார்.
பத்திரிகை எழுதியது: 'பிழையில்லை.'
அதை வெட்டிச் சமையலறையில் ஒட்டிவைத்திருந்தாராம்.
நெருல்லா சொன்னாள், அவரை விட்டுப் போவதற்கு முன்.
பத்தாம் நம்பர் பேருந்தில் வீடு திரும்புவார்.
அதில் நடத்துநர் கிடையாது.

நான் முந்தித் தட்டிய இரவு:
ஓர் ஆவர்த்தனம் முன்னால், மௌனத்தின் நட்டநடுவில்.
வில்லெல்லாம் திடுக்கிட்டன.
அவர் கண் மட்டும் என் பக்கம் வரவில்லை.
மறுநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்:
"நேற்று எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய்.
அங்கே எப்படி இருந்தது?"
பதில் தெரியவில்லை. இன்னும்தான்.

வயதாக ஆகக் கை சிறுத்தது.
முதலில் தோள் போயிற்று, பிறகு முழங்கை.
கடைசிப் பருவத்தில் வெறும் புருவம்.
அதைப் படிக்க நான் புதுக் கண்ணாடி போட்டேன்.
மேடையில் சத்தம் எழுப்பாத ஒரே ஆள்,
மூச்சைத் தவிர.
அந்த மூச்சு எங்களுக்கு மட்டும்.

இறுதிக் கச்சேரியில், எல்லாம் முடிந்த பிறகும்
கையை இறக்கவில்லை.
தட்டத் தயாராக உட்கார்ந்திருந்தீர்கள்.
கூரைமேல் காற்று.
அதையும் நிறுத்தப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது.
நிற்கவில்லை.
சிரித்துவிட்டார்.
நீங்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

போன செவ்வாய், மீன் அங்காடியின் பின்புறம்
ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.
காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு
வா வா என்று விரலசைத்தார் ஒரு கிழவர்.
சுவருக்கு ஒரு சாண் இருக்கையில்
உள்ளங்கை விரிந்தது.
லாரி நின்றது.

எதிர்ச்சாரியில் நான்
எண்ணிக்கொண்டிருந்தேன்.