மூன்றாம் கட்டத்துப் பள்ளம்

கோத்தகிரியில் ஆடி மாதம்
சுவரே வியர்க்கும்.
கீபோர்டு இடுக்கெல்லாம் பூஞ்சணம்.
ஈரம் ஏறாமலிருக்க
அரிசி டப்பாவில் புதைத்து வைத்த பென் டிரைவில்
நாற்பது விளையாட்டுகள்.
ஓட்டுவதற்கு எமுலேட்டர்தான் அமையவில்லை.

முதலில் இறக்கியது
பயாஸ் கோப்பு எங்கே என்றது,
ரேஷன் கடையில் கைரேகை விழாதவளை
ஏறிட்டுப் பார்க்கும் முகத்தோடு.
அன்றிரவே நீக்கினேன்.

மிச்சம் இரண்டு.

ஒன்று இலேசு.
நாலு ஜிபி ராமில் வழுக்கிக்கொண்டு ஓடும்.
ஓரத்துப் பிசிறு மழித்து, நிறம் கழுவி
பழைய பொம்மையைப்
புதுமாப்பிள்ளையாக்கிக் காட்டும்.
அதில்தான்
மூன்றாம் கட்டத்துப் பள்ளத்தில்
பதினேழு முறை விழுந்தேன்.
முப்பத்தெட்டு வயது, விரல் மழுங்கிவிட்டது என்று
நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

மற்றது கனம்.
அசல் பெட்டியின் ஒவ்வொரு சில்லையும்
உள்ளுக்குள் மறுபடி கட்டி எழுப்புமாம்.
திறந்த உடனே ஃபேன்
தேயிலை ஃபாக்டரி உலர்த்தி மாதிரி
இரையத் தொடங்கிவிடும்.

பள்ளத்துக்கு முன்னால்
ஆறு வௌவால்கள் சேர்ந்து வரும் இடத்தில்
படம் திணறியது.
ஒரு வௌவாலுக்குப் பாதி உடம்பைக் காணோம்.
கம்ப்யூட்டர் தாங்கவில்லை,
மூடிவிடலாம் என்று நினைப்பதற்குள்
கட்டைவிரல்
என்னைக் கேட்காமல் அழுத்திவிட்டது.

தாண்டியிருந்தேன்.

அசலே அங்கே திணறும்.
திணறும் அந்த நொடியில்தான்
தாவப் பழகியிருந்தேன்.
இலேசானது அதைப் பிழை என்று திருத்தியிருக்கிறது.

நாலரை மணிக்கு ஜோகி வந்தான்,
மேட்டுப்பாளையத்தில் கேரட் இறக்கிவிட்டு,
ஜெர்கின் சொட்டச் சொட்ட.
“என்ன இது, குஞ்சப்பனை ஏறுற லோடு வண்டி மாதிரி?”

சொன்னேன்:
சில்லு, நொடிக்கு அறுபது படம்,
வௌவால், பள்ளம், எல்லாம்.
கேட்டபடியே சிபியூவின் பின்னால்
இரண்டு உள்ளங்கையும் வைத்தான்.
புறங்கையைத் திருப்பி வைத்தான்.
“இதையே வச்சுக்க.”
“புரிஞ்சுதா?”
“சூடா இருக்கு.”

இலேசானதை நீக்கவில்லை.
யூபிஎஸ்ஸில் ஓட்டும் ராத்திரிகளுக்கு
இருக்கட்டும்.

சாயா ஆறுவதற்குள்
இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான்.
வௌவால்கள் வந்தன, படம் திணறியது,
மலைப்பாதையில் எதிர்வண்டிக்கு
ஒதுங்கி நிற்கிறவன்போல
அவனும் நின்றான்.
பிறகு, நிதானமாக,
பள்ளத்துக்குள் நடந்து போனான்.

“இதுல ஹாரன்
எந்தப் பட்டன்?”