சாய்வுக் கோடு

முக்கோணம் என்றால் ஆண்.
வட்டம் என்றால் பெண்.
குறுக்கே ஒரு சாய்வுக் கோடு இழுத்தால்
ஆள் இல்லை என்று அர்த்தம்.
முதல் நாளே சொல்லிவிட்டாள் ஒதிலியா,
மன்னார்குடி லாட்ஜில், கொசுவத்திப் புகைக்குள்.

குவாத்தமாலாக்காரி.
மானிடவியல் என்றேன் ஊரில்;
மானியம் என்று காதில் விழுந்து
ரேஷன் கார்டோடு வந்து நின்றார்கள் நாலு பேர்.
அவர்களையும் உட்காரவைத்து
அப்பன் பேர் கேட்டாள், அவனுக்கு அப்பன் பேர் கேட்டாள்.

எனக்கு நாளுக்கு இருபத்தைந்து ரூபாய்.
நடுவில் கிடந்த இங்கிலீஷ்
இரண்டு பேருக்குமே இரவல் சட்டை.
அவளுக்குத் தோளில் பிடிக்கும்,
எனக்குக் கை நீளம்.

கோரையாற்றங்கரை வரப்பில்
மரக்கால் கணக்கு கேட்டாள்.
அறுப்புக்கு எத்தனை, களத்தில் அளந்தது எத்தனை,
வீடு வந்து சேர்ந்தது எத்தனை.
பவுனம்மா சொன்ன பதிலில்
ஒரு வசவை நான் விழுங்கிக்கொண்டேன்.
ஒதிலியாவின் பேனா நின்றது.
"அவள் பேசியது நீளம். நீ சொன்னது குட்டை."
வசவையும் சொன்னேன்.
எழுதிக்கொண்டாள், மிராசுதாரின் இனிஷியலோடு.

கஞ்சி நேரத்தில் ஒரு கதை சொன்னாள்:
எங்கள் மலையில் சாமி முதலில்
மண்ணில் மனுசனைச் செய்தது, மழையில் கரைந்தான்.
மரத்தில் செய்தது, மனசு இல்லை.
கடைசியில் மக்காச்சோள மாவில் பிசைந்தது,
நின்றான்.
பவுனம்மா தூக்குவாளியை மூடினாள்.
"எங்களைச் சேத்துலதான் செஞ்சிருக்கு.
கரையத்தான் மாட்டேங்கறோம்."
அன்றைக்கு ஒரு சொல்லையும் நான் விடவில்லை.

ஐப்பசி அடைமழை.
பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தோம்.
"எங்க வம்சத்தையெல்லாம் வாங்கிட்டே,
உன் ஆளுங்களப் போடு பாப்பம்."
யாரோ மறந்துவிட்டுப் போன ஸ்லேட்டு, பாதிப் பலப்பம்.

அப்பா. கோடு.
அண்ணன்கள் இரண்டு. கோடு, கோடு.
அம்மா என்ற வட்டத்தில் பலப்பம் நின்றது.
பட்டாளம் வந்த ராத்திரிக்குப் பிறகு
பார்த்தவர் இல்லை. பிணமும் இல்லை.
இழுப்பதா, விடுவதா?
என்னைப் பார்த்தாள்.
இரண்டு மொழியிலும் என்னிடம் ஒன்றும் இல்லை.

பவுனம்மா ஸ்லேட்டை எட்டிப் பார்த்தாள்.
"அது அப்படியே கெடக்கட்டும்."
பிறகு, மழையைப் பார்த்தபடி,
"உங்கூர்ல அறுப்புக்கு என்ன தர்றான்?"
அறுப்பில்லை, காப்பிப் பழம், கூடைக் கணக்கு.
கூடையை மரக்காலாக்கி, மரக்காலைக் காசாக்கி
விரல்களாலேயே பேசினார்கள் இருட்டும்வரை.
அந்த நாளுக்கு நான் கூலி வாங்கவில்லை.

ஏழு வருஷம் கழித்துத் தபாலில் புத்தகம்.
முழுக்க ஸ்பானிஷ்.
எனக்குப் புரிந்தது 'மரக்கால்' ஒன்றுதான்,
அதிலும் ஒரு எழுத்து கூடுதல்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பவுனம்மாவின் வம்சம், தப்பில்லாமல்.
கடைசித் தாளில், யாரோடும் சேராமல்
ஒரு வட்டம். கோடு இல்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
திறக்கவில்லை.
உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.
"அந்த வசவு இருக்கா பாரு."