மாதிரி

லியபாயா நகரத்தில் ஒரே ஒரு டிராம் தடம்.
போகும், வரும்.
வழி தவற வழியில்லை.
ஓட்டுகிறவள் நான், ஜின்ட்ரா, வயது ஐம்பத்திரண்டு.
தாடைக்குக் கீழே, இடதுபுறம்
ஒரு பட்டாணி.

பட்டாணி என்று நான்தான் பெயர் வைத்தேன்.
டாக்டர் மில்லிமீட்டரில் சொன்னார்.
ஊசியால் உறிஞ்சி
கண்ணாடித் தகட்டில் தடவி
ரீகாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
"ஐந்து நாள். ஏழும் ஆகலாம்.
அதுவரை அழுத்திப் பார்க்காதீர்கள்."

அழுத்தாமல் எப்படி இருப்பது?
சிவப்பு விளக்கில் ஒருமுறை,
சூப் கொதிக்கையில் ஒருமுறை,
தூக்கத்தில் எத்தனை முறையோ.
மூன்றாம் நாள் வலித்தது.
வலித்ததால் பயந்தேன்.
பயந்ததால் அழுத்தினேன்.
பிறகு வீட்டுக்குள்ளும் கம்பளிக் கையுறை,
விரல்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

இரவு ஒன்றரைக்கு போனில் தேடினால்
முதல் பக்கத்தில் சளி.
பத்தாம் பக்கத்தில் எப்படியும் செத்துப்போகிறேன்.
முதல் பக்கத்தோடு நிற்கிற ஆள் இல்லை நான்.
அதனால் இரவானால்
போனை ஓட்ஸ் டப்பாவுக்குள் புதைத்து
டப்பாவை மேல்தட்டில் ஏற்றினேன்.
ஏறி எடுக்க முடியாதபடி, இருந்த ஒரே நாற்காலியைப்
பக்கத்து வீட்டு இவெட்டாவிடம் கொடுத்தேன்.
"ஏன்?"
"கால் ஆடுகிறது" என்றேன்.
ஆடியது நாற்காலியின் கால் இல்லை.

ஞாயிறு இரவு வாளியைக் கவிழ்த்து ஏறினேன்.
அயர்லாந்தில் காளான் பண்ணையிலிருந்து மகன் கூப்பிடுவான்.
"குரல் ஒரு மாதிரி இருக்கே, அம்மா."
"காற்று" என்றேன்.
இந்த ஊரில் எதற்கும் காற்றைக் காரணம் சொல்லலாம்.
திரையில் ஒட்டியிருந்த ஓட்ஸை
அவன் பேசி முடிக்கும்வரை
ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயமாம்.
எனக்குக் கழுத்தில்.
ஒரு கிராம்கூட இருக்காது.

ஆறாம் நாள், பதினொன்று நாற்பது,
கால்வாய்ப் பாலத்தின் மேல்
பை அதிர்ந்தது.
வண்டி ஓடும்போது போனைத் தொடக்கூடாது.
இருபத்தாறு வருஷமாகத் தொட்டதில்லை.
கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் ஏழு.

கதவைத் திறந்தேன். செல்லோவைச் சுமந்த பையன் ஏறினான்.
மூடினேன்.
திறந்தேன். நனைந்த நாயோடு ஒருத்தி.
ஒரு பெரியவர் படியில் நின்றுகொண்டே
சட்டைப்பை ஒவ்வொன்றாகச் சில்லறை தேடினார்.
அந்தச் சொல் ஏற்கெனவே ஒரு தாளில் இருக்கிறது,
செவ்வாயிலிருந்தே இருக்கலாம்.
நான்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.
"மெதுவாகத் தேடுங்கள்" என்றேன் அவரிடம்.
உண்மையாகத்தான் சொன்னேன்.

ஏழு நிறுத்தமும் கழுத்தைத் தொடவில்லை என்பது
இறங்கிய பிறகுதான் உறைத்தது.
இரண்டு கைக்கும் வேலை இருந்தது.

திருப்பிக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி. பிஸி.
பிறகு ஒரு நர்ஸ், எதையோ மென்றுகொண்டே:
"மாதிரி போதவில்லை.
செல்கள் குறைவு. வியாழன் வர முடியுமா?"
"கெட்டதா?"
"கெட்டதென்றும் இல்லை, நல்லதென்றும் இல்லை.
போதவில்லை, அவ்வளவுதான்."

ஆறு நாள் பயம்
ஒரு ஊருக்கே போதும்.
மாதிரிதான் போதவில்லை.
சிரித்தேன். பிளாஸ்கோடு வந்த குன்டார்ஸ்
என்ன சிரிப்பு என்றான்.

"கழுத்தில் ஒரு கட்டி."
கட்டி. வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.
ஒன்றும் இருக்காது என்று அவன் சொல்லவில்லை.
தேநீரை மூடியில் ஊற்றி நீட்டினான்.
"வியாழன் உன் வண்டியை நான் எடுக்கிறேன்.
பிரேக் இன்னும் இடதுபக்கம் இழுக்கிறதா?"
"கொஞ்சம்" என்றேன்.

சாயங்காலம் நாற்காலியைத் திரும்பக் கேட்டேன்.
இவெட்டாவின் கணவர்
நன்றாக இருந்த காலை
ஆடுவதாக நம்பி
இழைத்துச் சரிசெய்து வைத்திருந்தார்.

இப்போது ஆடுகிறது.
உட்கார்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து,
ஓட்ஸ் கஞ்சி குடித்தேன்,
கையுறை இல்லாமல்.
இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.